மரநாய் நாயல்ல, சரி. அப்புறம்? தமிழ் விலங்குப் பெயர்கள் பற்றி ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் வகைப்படுத்துவது என் தொழிலில் தினசரி வேலை. ஒரு பொருளை எந்தப் பண்பை வைத்து எந்தப் பெட்டியில் போடுவது, அந்தப் பண்பு நாளைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குச் சோறு போடும் கேள்விகள். அந்தக் கண்ணோடுதான் பாலூட்டிகளின் வரிசைகளையும் குடும்பங்களையும் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது.

தமிழ் விலங்குப் பெயர்களைப் பற்றி இணையத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி, "மரநாய் நாயே இல்லை, கழுதைப்புலி கழுதையும் இல்லை புலியும் இல்லை, நம்ம ஆட்களுக்கு அறிவியலே தெரியாது" என்று சிரிக்கும். இரண்டாம் கட்சி, "லின்னேயஸ் பிறப்பதற்கு முன்பே தொல்காப்பியர் விலங்குகளை வகைப்படுத்திவிட்டார்" என்று மார்தட்டும். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு பெயர் எந்தக் கேள்விக்குப் பதிலாக வைக்கப்பட்டது என்று யாருமே கேட்பதில்லை.

பெயர் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம்

மரநாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். தென்னந்தோப்பு, பனந்தோப்பு உள்ள ஊர்களில், ஓட்டு வீட்டு விட்டத்தில் ராத்திரி தடதடவென்று ஓடுகிற அதே ஆசாமி. நீண்ட முகம், கறுத்த உடம்பு, நீள வால். முகத்தைப் பார்த்துத் தமிழன் 'நாய்' என்றான். பனங்கள் பானையில் வாய் வைப்பதைப் பார்த்த வெள்ளைக்காரன் கள்ளுப்பூனை என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தான். ஒரே விலங்குக்கு ஒரு மொழியில் நாய், இன்னொரு மொழியில் பூனை.

யார் சரி? மண்டையோட்டைக் கேட்க வேண்டும். புலால் உண்ணிகள் என்ற வரிசையே ஒரு பல் அடையாளத்தில்தான் நிற்கிறது. மேல்தாடையின் கடைசி முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி உரசிச் சதையை வெட்டும். இந்த வரிசை பூனைப் பக்கம், நாய்ப் பக்கம் என்று இரண்டாகப் பிரிகிறது. பிரிவை நன்றாகக் காட்டுவது காதுக்கு அடியில் இருக்கும் குமிழ் போன்ற எலும்பு அறை. பூனைப் பக்கத்தில் பொதுவாக அந்த அறைக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். நாய்ப் பக்கத்தில் அப்படி முழுச் சுவர் இருக்காது. மரநாய் பூனைப் பக்கம். புனுகுப்பூனையின் குடும்பம். பாதி உள்ளே இழுத்துக்கொள்ளும் நகமும் அதைத்தான் சொல்கிறது.

நீர்நாய் நாய்க் குடும்பமில்லை, மரநாயின் சொந்தமும் இல்லை. ஆனால் அது நாய்ப் பக்கத்து விலங்குதான். பவானியிலும் மோயாற்றிலும் மீன் பிடிக்கிற நீர்நாய்க்கு 'நாய்' என்ற பட்டம் பாதியாவது பொருந்துகிறது. கழுதைப்புலி இன்னும் வேடிக்கை. பார்க்க நாய் மாதிரி, நடக்க நாய் மாதிரி, ஆனால் அது பூனைப் பக்கம். 'புலி' என்று யார் வைத்தாரோ, அந்தப் பாதி குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல்லை எண்ணினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. மரநாய்க்கு 40. செந்நாய்க்கும் 40! செந்நாய் அசல் நாய்க் குடும்பம், கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைந்ததால் 42 என்பது 40 ஆனது. எண்ணிக்கை ஒன்று, வம்சம் வேறு. எத்தனை பல் என்பதைவிட எந்தப் பல், எந்த இடத்தில், என்ன வேலைக்கு என்பதுதான் கேள்வி.

முள் இருந்தால் போதுமா?

பெயர் எப்படி வழி மாற்றும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே கிடைக்கும் ஆகச்சிறந்த ஜோடி முள்ளெலியும் முள்ளம்பன்றியும்.

முள்ளெலி கொங்குச் சமவெளியின் காய்ந்த காட்டிலும் வேலியோரத்திலும் வாழ்கிற சின்ன உயிர். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெயரில் எலி. ஆனால் அது கொறிணி இல்லை. வாயைப் பார்த்தால் கொறிக்கிற உளிப்பல் கிடையாது. பூச்சியின் ஓட்டை உடைக்கிற சின்னச் சின்னக் கூர்பற்கள்தான் வரிசையாக இருக்கும். மூஞ்சூறும் இதே வரிசைதான்.

முள்ளம்பன்றி? பெயரில் பன்றி. ஆனால் அதுதான் அசல் கொறிணி. மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி உளி மாதிரி முன்பற்கள், சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் கோரைப்பல் இல்லாமல் ஒரு வெற்றிடம். அப்புறம் அரைக்கும் பற்கள். எலி, அணில், பெருச்சாளி எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு.

ஆக, எலி என்று பெயர் வைத்தது எலி வரிசையில் இல்லை, பன்றி என்று பெயர் வைத்தது எலி வரிசையில் இருக்கிறது. நடுவில் முள் வந்து ஆட்டத்தைக் கலைத்துவிட்டது. முள் என்பது தடித்த மயிர்தான். தற்காப்பு தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அது தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னாவுக்கும் முள் உண்டு. அதனால் முள்ளை வைத்து உறவு சொல்வது, சட்டை நிறத்தை வைத்து அண்ணன் தம்பி சொல்வது மாதிரி.

இதைச் சொல்லி நம்ம முன்னோரைச் சிரிப்பதற்கு முன்னால் லின்னேயஸ் என்ன செய்தார் என்று பார்த்துவிடலாம். பாலூட்டிகளுக்கு இன்றைய அறிவியல் பெயரைத் தந்த நூல், 1758-இல் வந்த அவருடைய 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு. அதில் முள்ளெலி எங்கே இருக்கிறது தெரியுமா? பன்றியோடு ஒரே வரிசையில். முள்ளம்பன்றியை எலி, அணிலோடு சரியாகப் போட்டுவிட்டார். அதே வரிசையில் காண்டாமிருகத்தையும் போட்டார். அழுங்கு யானையோடு இருக்கிறது. வௌவால் மனிதனோடும் குரங்கோடும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அவர் பற்களையும் முலைகளையும் பார்த்தே இப்படிச் செய்தார். ஒரே பண்பைப் பிடித்துத் தொங்கினால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் இதுதான் கதி. பிற்பாடு வந்தவர்கள் பல், பாதம், மண்டையோடு, கரு, கடைசியில் மரபணு என்று சாட்சிகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள்.

தமிழ்ப் பெயர் ஜெயித்த ஒரு இடம்

எப்போதும் நம்ம பெயர்தான் தோற்கிறது என்றும் இல்லை. வால்பாறைக்கு மேலே புல்மலையில் மேய்கிற வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'நீலகிரி தார்' என்று பெயர். இமயமலைத் தாரும் இதுவும் ஒரே பேரினம் என்று நூற்றாண்டுக்கு மேல் நம்பினார்கள். 2005-இல் ரோப்பிகே, அசானின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கமும் நம்ம வரையாடு செம்மறிப் பக்கமும் போய் நின்றன. வரையாட்டுக்குத் தனிப் பேரினம் கொடுத்தார்கள்.

இதில் தமிழ்ப் பெயர் அசையவே இல்லை. தமிழில் செம்மறியும் ஆடுதான், வெள்ளாடும் ஆடுதான். மலைச்சரிவில் வாழும் ஆடு வரையாடு. ஆங்கிலப் பெயர் குறிப்பாக ஒரு உறவைச் சொல்லி மாட்டிக்கொண்டது. தமிழ்ப் பெயர் பொதுவாகச் சொல்லித் தப்பித்தது.

காட்டெருமை விஷயத்தில் தமிழுக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு இருக்கிறது. பத்திரிகையில் 'காட்டெருமை' என்று எழுதுவார்கள். மலைப்பக்கத்து ஆட்கள் பல பேர் 'காட்டுமாடு' என்பார்கள். காட்டுமாடு என்பதே சரியான உறவு. அது எருமையின் பேரினம் இல்லை, வீட்டு மாட்டின் பேரினம். நிறம் கறுப்பு என்பதால் எருமை ஆகிவிடாது.

சருகுமான் அதற்கு நேரெதிர். மான் என்கிறோம், ஆனால் அது மான் குடும்பம் இல்லை. கொம்பே கிடையாது. ஆணுக்கு மேல்தாடையில் கோரைப்பல் நீண்டிருக்கும். அது தனிக் குடும்பம். 'மான்' என்ற சொல்லுக்குள் இன்னொரு கலப்பும் இருக்கிறது. புள்ளிமானின் கொம்பு எலும்பு, கிளைவிடும், விழுந்து மறுபடி முளைக்கும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் துள்ளுகிற வெளிமானின் கொம்பு கிளைவிடாது, விழாது. உள்ளே எலும்பு, வெளியே நகம் மாதிரி உறை. அதாவது வெளிமான் மாடு, ஆடு குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு கேள்வி, "கொம்பு விழுமா, விழாதா?" இரண்டு குடும்பங்களைப் பிரித்துவிடுகிறது. நல்ல அடையாளம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

லத்தீனுக்குள் குடியேறிய தமிழ் அணில்

சேர்வராயன் மலை போன்ற இடங்களில் வாழ்கிற ஒரு சின்ன விலங்கு உண்டு. பார்த்தால் அணில். அதன் தமிழ்ப் பெயர் 'மூங்கில் அணத்தான்'. மூங்கில் அணில் என்று பொருள் சொல்கிறார்கள். அது அணில் இல்லை. முகவாய் நீண்டு கூரானது, அணிலுக்கு இருக்கிற நீண்ட மீசை இல்லை, கொறிக்கும் உளிப்பல் இல்லை.

அப்படியானால் என்ன? 19ஆம் நூற்றாண்டு நூல்கள் அதை மூஞ்சூறு, முள்ளெலியோடு பூச்சியுண்ணிகளில் வைத்தன. 20ஆம் நூற்றாண்டில், கண்ணைச் சுற்றி முழு எலும்பு வளையம் இருப்பதையும் மூளை அமைப்பையும் பார்த்துக் குரங்கு வரிசையின் வாசலில் உட்கார வைத்தார்கள். அப்புறம் அதுவும் சரியில்லை என்று தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள். ஒரு அணில் அளவு உயிர் மூன்று வரிசை மாறியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 1913-இல் லையன் என்ற அமெரிக்கர் இதற்குத் தனிப் பேரினம் வைத்தபோது 'அனத்தனா' என்று பெயரிட்டார். மூங்கில் அணத்தானில் இருந்து எடுத்தது. வரிசை இரண்டு முறை மாறியது. பெயர் வைத்த தமிழனின் 'அணில்' மட்டும் லத்தீனுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு பெயர் தவறான உறவைச் சொன்னாலும் சரியான விலங்கைச் சுட்டிக்கொண்டே இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சுட்டுவது ஒரு வேலை, உறவு சொல்வது வேறு வேலை.

மரபியல் உண்மையில் என்ன செய்கிறது?

இப்போது இரண்டாம் கட்சிக்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். அதில் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண் பெயர், பெண் பெயர் எல்லாம் பட்டியலிடப்படுகின்றன. இதைக் காட்டித்தான் "அப்பவே வகைப்பாடு" என்கிறார்கள்.

வம்ச வகைப்பாடு என்ற கணக்கில் பார்த்தால் மரபியல் நிற்காது. 'குருளை' என்ற பெயர் நாய், பன்றி, புலி, முயல், நரி எல்லாவற்றின் இளமைக்கும் வருகிறது. இன்றைய கணக்கில் அது மூன்று வரிசை. 'ஒருத்தல்' என்ற ஆண் பெயர் புலிக்கும் உண்டு, யானைக்கும் உண்டு, பன்றிக்கும் எருமைக்கும் உண்டு. குதிரைக் குட்டிக்கு 'மறி' என்றும் சொல்லலாம், 'கன்று' என்றும் சொல்லலாம். ஒரு கிளையில் தொங்கும் இலைக்கு ஒரே ஒரு கிளைதான் தாய். இரண்டு பெயர் பெறும் குதிரை மரத்தில் பொருந்தாது. மென்பொருள் பாஷையில் சொன்னால், லின்னேயஸ் செய்தது ஃபோல்டர், மரபியல் செய்வது டேக். ஒரு கோப்பு ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும், ஆனால் அதற்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

ஆனால் அந்த டேக்குகள் தாறுமாறானவையா? இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். 'குட்டி' பெறுபவை எவை? மூங்கா, வெருகு, எலி, அணில். உரைகாரர்கள் சொல்கிறபடி மூங்காவைக் கீரி என்றும் வெருகைக் காட்டுப்பூனை என்றும் வைத்துக்கொண்டால், நான்குமே கண் திறக்காமல் பிறந்து பொந்திலும் கூட்டிலும் கிடக்கிற குட்டிகள். 'குருளை' பெறுபவற்றில் நாய், நரி, புலி மூன்றும் கண் மூடிப் பிறக்கும். முயலும் பன்றியும் கண் திறந்து பிறந்தாலும் பல குட்டிகளாய்ப் புதரில் ஒளிந்து கிடப்பவை. 'கன்று', 'மறி' பெறும் யானை, குதிரை, கழுதை, மான் வகைகள், ஆடு, எருமை எல்லாம் பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து தாயோடு நடப்பவை. 'குழவி' பெறுபவை யானை, ஆ, எருமை, குரங்கு வகைகள், மனிதர். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒன்று ஈனுபவை.

இது என் வாசிப்பு. விலக்கே இல்லாத விதி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பட்டியலின் போக்கு தெளிவாகவே இருக்கிறது. குட்டி எங்கே கிடக்கிறது, எப்போது நடக்கிறது, எத்தனை பிறக்கிறது என்பதுதான் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள கேள்வி. மேய்ப்பவனும் வேட்டையாடுபவனும் தினமும் கேட்கிற கேள்வி. விலங்கியலிலும் இந்தப் பிரிவு உண்டு. பிறந்ததும் நடப்பவை, கூட்டில் கிடப்பவை என்று இனப்பெருக்க ஆய்வில் இன்றும் பிரிக்கிறார்கள். ஆனால் அது வாழ்முறைப் பிரிவு, வம்சப் பிரிவு இல்லை.

அதனால்தான் "லின்னேயஸுக்கு முன்பே" என்ற பெருமை எனக்கு ஒட்டவில்லை. லின்னேயஸ் கேட்ட கேள்வியை மரபியல் கேட்கவே இல்லை. அது கேட்ட கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை விட்டுவிட்டு, கேட்காத கேள்விக்கு மெடல் கொடுப்பது நூலுக்குச் செய்யும் மரியாதை இல்லைங்க. சங்க இலக்கிய விலங்குப் பெயர்களை விலங்கியலோடு பொருத்திப் பார்த்த பி.எல். சாமியின் உழைப்பு பெரியது. அதற்கு அடுத்த படியாக, ஒவ்வொரு பெயரும் எந்தப் பண்பைப் பார்த்து வைக்கப்பட்டது என்று யாராவது எழுத வேண்டும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று?

நியாயமான கேள்வி. மரநாயை நாய் என்றால் மரநாய்க்கு என்ன நஷ்டம்? சில சமயம் நஷ்டம் பெரிசு.

1948-இல் தேனிப் பக்கம் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். ஊரெங்கும் இருக்கிற சிறுமூக்குப் பழவௌவால்தான் என்று முடிவு செய்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது அந்தப் பெயரிலேயே கிடந்தது. தாய்லாந்துக்காரரான கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். வெளியே தெரிகிற வால் இல்லை. பல் அமைப்பு ஒத்துவரவில்லை. 1972-இல் அதைப் புதுப் பேரினம், புது இனம் என்று அறிவித்தார். பேரினத்தின் பெயர் 'லாட்டிடென்ஸ்', அதாவது அகன்ற பல். இனத்தின் பெயர் சாலிம் அலிக்கு மரியாதையாக. அவர் பெயரைச் சொன்னாலே நம்ம ஊர்க்காரர்களுக்கு ஆனைகட்டியில் இருக்கிற மையம்தான் ஞாபகம் வரும். பறவைக்காரர் என்றே அறியப்பட்டவருடைய பெயரை ஒரு வௌவாலும் சுமக்கிறது.

அதே 1972-இல்தான் இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாம் அட்டவணை தீங்குயிர்களின் பட்டியல். கொன்றால் கேள்வி இல்லை. அதில் காகம், எலி, சுண்டெலி, கூடவே பழந்தின்னி வௌவால்கள். 'பழந்தின்னி வௌவால்' என்ற ஒரே சொல்லில் மொத்தக் குடும்பமும் உள்ளே போய்விட்டது, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டில் மட்டும் அறியப்பட்ட அந்த அரிய வௌவாலும் சேர்த்து. பல்லைப் பார்த்து ஒருவர் அதைத் தனியாகப் பிரித்த வருஷமும், உணவைப் பார்த்து ஒரு பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த வருஷமும் ஒன்றே. சாலிம் அலி வௌவாலைப் பிற்பாடு முதல் அட்டவணைக்கு, அதாவது உச்சப் பாதுகாப்புக்கு, மாற்றினார்கள். மற்ற பழந்தின்னிகள் 2022 சட்டத்திருத்தம் அந்தத் தீங்குயிர் அட்டவணையையே எடுக்கும்வரை அங்கேயே கிடந்தன. வௌவால்களுக்காக நீண்ட காலம் பேசிவந்த அமைப்புகளில் ஒன்றான ஜூ அவுட்ரீச் இயங்குவது கோவையில்தான்.

வௌவாலை எலியோடு வைத்தது உறவுக் கணக்கிலும் அபத்தம். மரபணு ஆய்வுகள் காட்டுகிறபடி வௌவால் நிற்பது புலி, மாடு, குதிரை, அழுங்கு, மூஞ்சூறு இருக்கும் பெரிய கிளையில். எலி நிற்பது முயல், அணில், மூங்கில் அணத்தான், குரங்கு, நாம் இருக்கும் கிளையில். அதாவது எலிக்கு வௌவாலைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம். வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களுக்கு லத்தீன் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அட்டவணையைவிட அவர்கள் விவேகமாக நடந்துகொண்டார்கள்.

புத்தகங்கள் மேல் என் குறை

1867-இல் ஜெர்டன் எழுதிய இந்தியப் பாலூட்டிகள் நூலின் ஒரு நல்ல பழக்கம், விலங்குக்கு அந்தந்த வட்டாரத்து மொழிப் பெயர்களையும் சேர்த்துத் தருவது. 1948-இல் வந்த பிரேட்டரின் இந்திய விலங்குகள் நூலின் நல்ல பழக்கம், ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் அந்தக் குழுவின் உடலமைப்பையும் வாழ்முறையையும் விளக்குவது. இன்று நம் கைக்கு வருகிற பெரும்பாலான படக் கையேடுகளும் கைப்பேசிச் செயலிகளும் இந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் நிற்கும் முழு விலங்கின் படத்தை முதலில் காட்டுகின்றன.

நிஜத்தில் நமக்கு அப்படி யார் நின்று காட்டுகிறார்கள்? நமக்குக் கிடைப்பது வேலிக்குள் மறைகிற வால், அவிநாசி சாலையில் அடிபட்டுக் கிடக்கிற உடம்பு, கிணற்று மேட்டில் வெளுத்துப் போன ஒரு மண்டையோடு. அங்கே தோலும் நிறமும் உதவாது. உதவுவது சில கேள்விகள்:

1. முன்பல் உளி மாதிரி ஒரே ஜோடியா, பின்னால் வெற்றிடமா? கொறிணி.
2. அதே உளிப்பல், ஆனால் மேல்தாடையில் அதற்குப் பின்னால் ஒளிந்தபடி இன்னொரு சின்ன ஜோடியா? முயல் வரிசை.
3. மேலே முன்பல்லே இல்லையா, காலில் பிளந்த குளம்பா? அசைபோடும் கூட்டம். கொம்பைப் பார்த்து மான் குடும்பமா மாட்டுக் குடும்பமா என்று பிரிக்கலாம்.
4. நீண்ட கோரைப்பல்லும் கத்தரிப் பல்லுமா? புலால் உண்ணி.
5. வெற்றிடமே இல்லாமல் சின்னக் கூர்பற்கள், நீண்ட மூக்கு, முன்காலில் ஐந்து விரலா? மூஞ்சூறு, முள்ளெலி பக்கம்.
6. பல்லே இல்லையா, உடம்பெல்லாம் செதிலா? அழுங்கு. அதற்கு இந்தக் கேள்விகளே தேவையில்லை.
7. தோல் இறக்கையா? வௌவால். ஆள்காட்டி விரலிலும் நகம், பெரிய கண், எளிமையான காது என்றால் பெரும்பாலும் பழந்தின்னிக் குடும்பம்.

இந்த ஏழு கேள்விகளை வைத்தே கோவையைச் சுற்றிக் கண்ணில் படும் அநேகப் பாலூட்டிகளை வரிசை வரைக்கும் கொண்டுபோய்விடலாம். (செத்த விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள், வௌவாலைத் தொடவே தொடாதீர்கள். எலும்பு, முள், செதில் எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், சட்டப் பிரச்சினை ஆகும். பார்ப்பதோடு சரி.)

தமிழில் ஒரு பாலூட்டிக் கையேடு எழுதுகிறவரிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். பெயரைத் திருத்த வேண்டாம். மரநாயை 'மரப்பூனை' ஆக்கி, முள்ளெலிக்குச் சமஸ்கிருதத்திலோ தூய தமிழிலோ புதுப்பெயர் செதுக்கினால், ஊரில் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. பெயர் மாறினால் விலங்கும் கைவிட்டுப் போகும். பழைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே இரண்டு வரி சேர்த்தால் போதும். முதல் வரி, இந்தப் பெயர் எதைப் பார்த்து வந்தது: முகமா, முள்ளா, இரையா, இடமா. இரண்டாம் வரி, வம்சத்தைக் காட்டுவது எது: பல்லா, பாதமா, கொம்பா, காதெலும்பா.

முதல் வரி நம்ம ஆட்கள் அந்த உயிரோடு எப்படிப் பழகினார்கள் என்று சொல்லும். இரண்டாம் வரி அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். இரண்டு வரியும் சேர்ந்து இருக்கிற புத்தகம் கையில் இருந்தால், மூஞ்சூறு பிள்ளையாருக்கு வாகனமாகவும் இருக்கலாம், எலி மருந்துக்குத் தப்பியும் இருக்கலாம். அது வீட்டுக் கரப்பான்பூச்சியைத் தின்றுகொண்டு சுவரோரமாகப் போகிற உயிர். அதன் பெயரில் எலி இல்லை. எலியாக்கியது நாம்தான்.